தாப்பா மலைச்சாலையில் ஒரு பாடம்



கடந்த பள்ளி விடுமுறையில் என் 15 வயது மகனுடன் தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு மிதிவண்டியில் சென்றேன். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏறவேண்டிய உயரமோ சுமார் 1,400 மீட்டர். வளைவுக்கு மேல் வளைவு. இச்சாலையில் வேகம் பெரிதன்று. சிறிய கியரில் மூச்சு வாங்காமல் சீராக மிதிப்பதே முறை.

கணிதத்தில் பின்தங்கியதிலிருந்து எதற்கும் ‘முடியாது’ என்பவன் அவன். லாத்தா இஸ்கண்டார் அருவியருகே, “என்னால் முடியாது அப்பா” என்றான். “அடுத்த கிலோமீட்டர்க் கல் வரை மட்டும் மிதிப்போம், ஐயா” என்றேன். கல் கல்லாக ஏறினோம்.

ரிங்லெட்டை நெருங்கியதும் குளிர்காற்று வீசியது. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும் என்றேன். மிதித்தபடியே மனக்கணக்குப் போட்டு, “மேலே போனால் எட்டு பாகைக்கு மேல் குறைந்திருக்கும் அப்பா!” என்றான். நான் கேட்காமலே அவன் போட்ட கணக்கு அது.

பின்தங்கிய மாணவருக்கு மலை முழுவதையும் காட்டாமல் அடுத்த கல்லைக் காட்டுவோம்.

செல்ல விரும்புவோர் விடியலிலேயே புறப்படுங்கள். காய்கறி லாரிகள் வரும் சாலை. பிள்ளையை முன்னே விட்டுப் பெரியவர் பின்னால் வருவது நன்று.