அறுபது நாளா, எழுபத்தைந்து நாளா? - ஒரு விசா ஸ்டிக்கர் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்

தூரத்தையும் நேரத்தையும் சொல்கிற ஆங்கிலச் சொற்கள் பல, பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஃபார், சின்ஸ்... பை, அன்டில்... இன், வித்தின்... ஃபார்தர், ஃபர்தர்... பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க் வாங்கியதோடு பலருக்கும் அவற்றின் வேலை முடிந்துவிடும். பேச்சில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார். ஆனால், சில இடங்களில் அந்த ஒரு சொல்தான் ஊருக்குத் திரும்பும் தேதியையே முடிவு செய்கிறது.

கும்பகோணம் பக்கத்து கிராமத்தைச் சேர்ந்த அந்த அம்மாவுக்கு 61 வயது. சத்துணவு அமைப்பாளராக 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் வழியில் எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். பதிவேடு, தேதி, கணக்கு என்றால் இன்றைக்கும் பிசகாது. மகளின் தலைப்பிரசவத்துக்காக நெதர்லாந்தில் உள்ள ஐந்தோவனுக்குப் போனார். மார்ச் 5-ம் தேதி போய் இறங்கினார். திரும்புவதற்கு மே 17-க்கு டிக்கெட். விசா ஸ்டிக்கரில் 'அன்டில்' என்ற இடத்தில் மே 18 என்று போட்டிருந்தது. ஒரு நாள் முன்னதாகவே கிளம்புகிறோம் என்ற நிம்மதி அவருக்கு.

இரண்டாவது நாள் பாஸ்போர்ட்டை பீரோவில் எடுத்து வைக்கும்போதுதான் மகள் ஸ்டிக்கரை முழுசாகப் படித்தார்.

"அம்மா, எந்தத் தேதிக்கு ரிட்டர்ன் போட்டிருக்க?"

"மே 17. ஏன்டி, அதுலதான் 18 வரைக்கும்னு போட்டிருக்கே?"

"அது விசா செல்லுபடியாகுற தேதிம்மா. கீழ பாரு, டியூரேஷன் ஆஃப் ஸ்டே, அறுபது நாள். நீ மே 3-க்குள்ள கிளம்பணும்!"

அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருக்கும் ஸ்டிக்கரே இரண்டு கணக்கு சொன்னால் எதை நம்புவது?

ரெண்டு கணக்கு, ரெண்டு கேள்வி

29 நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதிக்கான விசாவில் இரண்டு காலங்கள் இருக்கும். 'ஃப்ரம் - அன்டில்' என்பது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிக்குள் அந்த விசாவைப் பயன்படுத்தலாம் என்பது. 'டியூரேஷன் ஆஃப் ஸ்டே' என்பது அந்த இடைவெளிக்குள் மொத்தம் எத்தனை நாள் தங்கலாம் என்பது. பயணம் சில நாள் முன்னே பின்னே ஆகலாம் என்பதற்காக, தங்கும் நாள்களோடு 15 நாள் கூடுதலாகச் சேர்த்தே செல்லுபடிக் காலத்தைப் போடுவது அங்கே விதி. அறுபதோடு பதினைந்து, ஆக எழுபத்தைந்து. போய் இறங்கும் நாளும் கிளம்பும் நாளும்கூட தங்கிய நாள்களாகவே கணக்கில் வரும். மார்ச் 5-ஐ முதல் நாள் என்று வைத்து எண்ணினால் அறுபதாவது நாள் மே 3.

மகள் விளக்கியது இப்படித்தான்: "உன் போன்ல 28 நாள் வேலிடிட்டின்னு ரீசார்ஜ் பண்றோம்ல? அதுல பேசுறதுக்கு 300 நிமிஷம்னு போட்டிருந்தா, 28 நாளும் ராப்பகலா பேச முடியுமா? வேலிடிட்டி வேற, பேசுற நேரம் வேற. அதே மாதிரிதான் இதுவும்."

அது அந்த அம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. மாப்பிள்ளை டிக்கெட்டை மே 3-க்கு மாற்றினார். மாற்றுவதற்கான கட்டணத்தைக் கேட்டதும் ஒரு வேளை சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும், பார்க்காமல் விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கினால் அபராதமோ, திரும்ப நுழையத் தடையோ வரலாம். அடுத்த விசாவுக்கும் அது குறுக்கே நிற்கும். 'குழந்தைக்காக இருந்தேன்' என்று சொல்லி நாளை நீட்டிக்கொள்ளவும் முடியாது. எதிர்பாராத பேரிடர், மனிதாபிமானக் காரணம் போன்ற சில சூழல்களில்தான் நீட்டிப்பு கிடைக்கும்.

மார்ச் 24 என்று டாக்டர் தேதி கொடுத்திருந்தார். அதன்படி பிறந்தால் மே 2-ம் தேதி நாற்பது நாள் முடிந்துவிடும். நாற்பது முடிந்து பிள்ளைக்கும் தாய்க்கும் தலைக்கு ஊற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார். அன்றைக்கே நூறு பக்க நோட்டு ஒன்றை வாங்கிவரச் சொன்னார். இனி இந்த மாதிரிச் சொற்கள் எது வந்தாலும் அதில் ஏற வேண்டும் என்பது ஏற்பாடு.

'ஆ' வந்தால் ஃபார், 'லேருந்து' வந்தால் சின்ஸ்

பேரன் பிறந்தது ஏப்ரல் 2-ம் தேதி. டாக்டர் சொன்னதற்கு ஒன்பது நாள் தள்ளி.

நெதர்லாந்தில் பிரசவமான வீட்டுக்கே பராமரிப்பாளர் ஒருவர் வந்து தாயையும் குழந்தையையும் கவனித்துக்கொள்கிறார். க்ராம்ஸோர்க் என்று அதற்குப் பெயர். வழக்கமாக முதல் எட்டு நாள். வீட்டின் தேவையைப் பொறுத்து மொத்தம் 24 முதல் 80 மணி நேரம் வரை. அடிப்படை மருத்துவக் காப்பீட்டிலேயே இது அடங்கும். மணிக்கு ஒரு சிறு தொகையைத்தான் வீட்டுக்காரர்கள் கொடுக்க வேண்டும்.

அப்படி வந்த பெண், முதல் நாள் காபி குடித்துக்கொண்டே இந்த அம்மாவிடம் நீங்கள் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஐ ஆம் ஹியர் சின்ஸ் ஒன் மன்த்" என்று பதில் வந்தது. மகளுக்குச் சங்கடமாக இருந்தது. பராமரிப்பாளரோ சிரிக்கவே இல்லை. எங்கள் டச்சு மொழியிலும் அப்படித்தான் சொல்வோம் என்றார்.

அது உண்மைதான். டச்சுக்காரர்களின் 'சிண்ட்ஸ்', தொடங்கிய தேதிக்கும் வரும், கழிந்த காலத்துக்கும் வரும். ஜெர்மன் மொழியின் 'ஸைட்' என்ற சொல்லும் அதே மாதிரி. ஆங்கிலம்தான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ். கழிந்த காலத்தின் நீளத்தைச் சொன்னால் ஃபார். இன்டர்வியூவில் 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்ளும் நம்மூர்ப் பிள்ளைகள், உலகத்தில் தாங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் கூனிக்குறுக வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரிவு தமிழிலும் இருக்கிறது. 'ஒரு மாசமா இருக்கேன்', 'மார்ச்லேருந்து இருக்கேன்' என்று நாம் இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறோம். சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்: 'ஒரு மாசமா, ரெண்டு வருஷமா - ஃபார். காலையிலேருந்து, திங்கக்கிழமையிலேருந்து - சின்ஸ்.' இரண்டுக்கும் முன்னால் 'ஐ ஆம்' இல்லை, 'ஐ ஹேவ் பீன்' என்று மகள் ஒரு வரி சேர்த்தார். 'ரெண்டு நாளைக்கு முன்னாடி' என்பதற்கு 'பிஃபோர் டூ டேஸ்' என்று சொல்லக் கூடாது, 'டூ டேஸ் அகோ' என்பதும் அதே பக்கத்தில் ஏறியது.

நாலு மணி வரைக்குமா, நாலு மணிக்குள்ளேயா?

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டும். தூங்குகிறதே என்று விட்டால் எடை குறையும், மஞ்சள்காமாலையும் கூடலாம். மூன்றாம் நாள் மதியம் பராமரிப்பாளர் கிளம்பும்போது, நாலு மணிக்குள் பால் கொடுத்துவிடுங்கள் என்பதை 'பை ஃபோர்' என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு வரைக்கும் தூங்கட்டும் என்று அந்த அம்மா எடுத்துக்கொண்டார். அசந்து தூங்கிய மகளையும் எழுப்பவில்லை. மூன்றரைக்கு மகளே கண்விழித்துக் குழந்தையை எடுத்ததால் குறை ஒன்றும் நேரவில்லை.

'அன்டில்' என்றால் அதுவரை ஒரே நிலை நீடிக்கும். 'பை' என்றால் அதற்குள் ஒரு காரியம் முடிந்தாக வேண்டும். தமிழில் 'வரைக்கும்', 'குள்ள'. அரசு அறிவிப்புகளில் கடைசித் தேதிக்கு முன்னால் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று நீட்டி எழுதுவது, அந்தத் தேதியும் சேர்த்தியா இல்லையா என்ற சண்டைக்கே இடம் வைக்கக் கூடாது என்பதற்குத்தான்.

இன்னொரு நாள் மருத்துவச்சி, 'இன் டூ டேஸ்' வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ரெண்டு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வருவார் என்று அந்த அம்மா அன்று மாலையிலிருந்தே வீட்டை ஒழுங்குபண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மருத்துவச்சி வந்தது ரெண்டு நாள் கழித்து. வருகிற நேரத்தைச் சொல்லும்போது 'இன்' என்றால் அவ்வளவு நேரம் கழித்து. 'வித்தின்' என்றால்தான் அதற்குள்.

லாங்கா, ஃபாரா?

தூரத்துக்கு வந்தால் வேறு குழப்பம். 'ஆபீஸ் வீட்டிலேருந்து ரொம்ப லாங்' என்று நம்மூரில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் பாதை லாங்காக இருக்கலாம், பயணம் லாங்காக இருக்கலாம். இடம் மட்டும் லாங்காக இருக்காது, அது ஃபார். தமிழில் எழுதினால் முன்னால் பார்த்த ஃபார் போலவே தெரியும், ஆனால் இது தூரத்தைச் சொல்கிற வேறு சொல். நாமும் பாலத்துக்கு நீளம் என்கிறோம், ஊருக்குத் தூரம் என்கிறோம். 'ஹவ் லாங்' என்று கேட்டால் பெரும்பாலும் எவ்வளவு நேரம் அல்லது எத்தனை நாள். 'ஹவ் ஃபார்' என்றால் எவ்வளவு தூரம்.

நோட்டில் அதிக இடம் பிடித்த ஜோடி ஃபார்தரும் ஃபர்தரும். அமெரிக்கப் பத்திரிகைகள் பலவும் பின்பற்றும் ஏ.பி. கையேட்டின்படி, கண்ணால் பார்க்கிற, காலால் நடக்கிற தூரத்துக்கு ஃபார்தர். காலமும் அளவும் நீள்வதற்கு ஃபர்தர். பிரிட்டனில் இரண்டுக்குமே ஃபர்தர் என்று சொல்பவர்கள்தான் அதிகம். பிறப்பில் மூத்ததும் ஃபர்தர்தான். அதன் இன்னொரு வடிவமாகப் பின்னால் கிளைத்தது ஃபார்தர். இங்கிலீஷ்காரர்களே ஒத்துப்போகாத விஷயத்தில் நாம் பயப்பட ஒன்றுமில்லை. 'இன்னும் தள்ளி' என்று சொல்ல முடிந்தால் எதையும் போடலாம். 'மேற்கொண்டு' என்று சொல்ல முடிந்தால் ஃபர்தர் மட்டும். மேற்கொண்டு விவரம், மேற்கொண்டு படிப்பு எதற்கும் ஃபார்தர் ஒட்டாது.

தூரத்தை நேரத்தால் சொல்வது நமக்குப் புதிதும் இல்லை. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அந்தக் காலத்தில் ஊர்த் தூரத்தை 'நாழிகை வழி' என்றே சொன்னார்கள். இன்றைக்கும் தாம்பரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், 'ஒரு மணி நேரம் ஆகும்' என்றுதான் பதில் வருகிறது. ஐந்தோவனிலும் அப்படித்தான், சைக்கிளில் பத்து நிமிடம் என்பார்கள். 'ஒளியாண்டு' மட்டும் பெயரில் ஆண்டை வைத்துக்கொண்டு ஏமாற்றும். அது காலம் அல்ல, ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம். சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

நோட்டின் கடைசிப் பக்கம்

மே 3-ம் தேதி அந்த அம்மா கிளம்பும்போது பேரனுக்கு 32 நாள்தான் ஆகியிருந்தது. நாற்பது முடிந்தது மே 11-ல். அன்றைக்கு அங்கே மகள் குழந்தைக்குத் தலைக்கு ஊற்ற, கும்பகோணத்திலிருந்து வீடியோ காலில் 'தண்ணி சூடு பாத்துக்கோ, காதை மூடிக்கோ' என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் கேட்டதே அறுபது நாள்தான். ஷெங்கன் விதிப்படி 180 நாளில் 90 நாள் வரை தங்க இடம் உண்டு என்பதை, பிரசவத் தேதி தள்ளிப்போகக்கூடும் என்பதையும் சேர்த்து யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

இப்போது அந்தத் தெருவில் யாராவது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பினால், பாஸ்போர்ட்டும் கையுமாக இந்த வீட்டுக்கு வருகிறார்கள். அவர் மூன்றே கேள்விதான் கேட்பார். எந்தத் தேதிக்குள்? மொத்தம் எத்தனை நாள்? போற நாளும் வர்ற நாளும் சேத்தியா? மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் டிக்கெட் போடச் சொல்கிறார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் இருப்பதும் அதுதான்: 'தேதி வேற, நாள் வேற. ரெண்டையும் பாக்கணும்.'