கை மாறிய பொருள்கள்

நம் வீட்டுச் சாமான்களின் பெயர்களில் பல கடல் வழி வந்தவை. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி - எல்லாம் போர்ச்சுகீஸ். பீரோ பிரெஞ்சு. இவற்றை விற்கிற ஏலம்கூட போர்ச்சுகீஸ் சொல்தான். கட்டில், ஊஞ்சல், பெட்டி, நாற்காலி என்று சில மட்டும் நாம் வைத்த பெயர்கள். 16-ம் நூற்றாண்டில் சாந்தோமில் போர்ச்சுகீஸியர் குடியேறினார்கள். 17-ம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள். மயிலாப்பூருக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கடற்கரை, பொருள்களும் சொற்களும் கை மாறிய இடம். ஆனால் மேசை என்று சொல்லும்போது யாருக்கும் இரவல் வாங்கின உணர்வு இல்லை. சொல் தேயத் தேய நம்முடையதாகிவிட்டது. உரிமை என்பது பிறப்பால் வருவதல்ல, உபயோகத்தால் வருவது என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் எனக்குத் தெரியவில்லை.

சொற்கள் விஷயத்தில் இவ்வளவு சுலபமாக நடந்துவிட்டது, பொருள்கள் விஷயத்தில் நடப்பதில்லை. கடந்த ஆறு வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மரச்சாமான்கள் தேடி அலைகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். செங்கல்பட்டில் வாடகை வீடு. பாங்க் குமாஸ்தாவின் சம்பளம். புது மேஜை என்று கடைகளில் விற்பது மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை. ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. ஆகவே முதலில் தேவைதான் என்னைப் பழைய சாமானிடம் அனுப்பியது, ரஸனை அல்ல.

எனக்கு இரண்டு சந்தைகள். ஒன்று ஜி.எஸ்.டி. ரோட்டோரத்துக் காயலான் கடைகள். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிப் போகிறவர்கள் விட்டுச் செல்வதும், கோர்ட்டுப் பக்கத்துப் பழைய வீடுகளை இடிக்கும்போது வருவதும் அங்கே வந்து சேரும். மற்றது, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டால் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் கண்ணாடி போட்ட கடைகள். காயலான் கடையில் 'பழசு' என்று சொன்னால் விலை இறங்கும். கடற்கரைக் கடையில் அதே சொல்லுக்கு விலை ஏறும். ஒரே பொருள்தான், 30 கிலோமீட்டரில் அதன் ஸ்திதி மாறிவிடுகிறது. எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு பாயிடம் இதைப் பற்றிக் கேட்டேன். 'இங்க மரத்துக்குக் காசு சார். அங்க தூசிக்குக் காசு' என்றார். மதிப்பீடு பற்றி நான் படித்த பல கட்டுரைகளில் இல்லாத தெளிவு.

நம் வீடுகளில் மூன்றாம் மனிதனின் பழைய சாமான் நுழைவது இயல்பான காரியம் அல்ல. சொத்தாக வரலாம், சீராக வரலாம். விலைக்கு வாங்கிவரக் கூடாது. முக்கியமாகக் கட்டில். 'எவன் படுத்து எப்படிப் போனானோ, அதைக் கொண்டாந்து நடுவீட்டுல போடுவியாடா?' என்று அம்மா கேட்டதில் மூட நம்பிக்கை மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரு பொருளுக்குள் அதை உபயோகித்தவன் இருக்கிறான் என்ற பிரக்ஞையும் அதில் இருக்கிறது. சாவு வீட்டில் கட்டிலைத் தானம் கொடுத்துவிடுகிறோம். இறந்தவனின் உடம்பு அதில் பதிந்திருப்பதாக நம்புவதால்தான் கொடுக்கிறோம். கடற்கரைக் கடையில் வாங்குகிற ரிஸார்ட்காரருக்கு இந்தப் பயம் இல்லை. காரணம் பகுத்தறிவு என்று சொல்ல முடியாது. அவருக்கு அந்தக் கட்டிலில் யாரும் படுத்ததில்லை, அவ்வளவுதான். அது ஒரு உருவம் மட்டும்.

இந்த உருவங்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலிருந்து வருகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் - கதவுகள், தூண்கள், பீங்கான் ஜாடிகள், எனாமல் பாத்திரங்கள், ரவி வர்மா அச்சுப் படங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள். மரம் பர்மாத் தேக்கு. இந்தத் தேக்கின் சரித்திரம் ஒரு கடன் சரித்திரம். பர்மாவில் நகரத்தார் விவசாயிகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாதபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. 1942-ல் ஜப்பான் படையெடுப்பு. நடந்தும் கப்பலிலும் திரும்பினார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1962-ல் நே வின் ஆட்சி, மிச்சமிருந்ததும் போயிற்று. ஊரில் நின்ற பெரிய வீடுகள் பங்காளிகளுக்குள் பாகமாகி, பராமரிக்க முடியாமல், கதவு கதவாக, உத்திரம் உத்திரமாக விற்பனைக்கு வந்தன. வயலை இழந்த பர்மியன், வீட்டை இழந்த செட்டியார் - இரண்டு இழப்புகளும் சேர்ந்து இன்று ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் மேஜையாக நிற்கின்றன. ஜப்தி அறிவிப்புகளையும் நகை ஏலப் பட்டியல்களையும் தயாரிப்பது என் அன்றாட வேலை. அதனால் அந்த மேஜையின் அழகு எனக்கு முதலில் தெரிவதில்லை, பத்திரம்தான் தெரிகிறது.

என் சொந்த விவகாரமும் ஒன்று உண்டு. தாத்தா மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்தின் கர்ணம். 1980 நவம்பரில் தமிழக அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒரேயடியாக ஒழித்தது. பரம்பரை அதிகாரம் ஒழிந்தது சரியான காரியம் என்றே நினைக்கிறேன். அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் தாலுகா ஆபீஸுக்குப் போக, வீட்டில் தங்கியது அவருடைய கணக்குப் பெட்டி. பலாமரம். மூடி சாய்வாக இருக்கும். தரையில் உட்கார்ந்து அதன்மேல் எழுதலாம். நான் பிறந்து பார்த்தபோது பாட்டி அதில் புளி வைத்திருந்தாள். மைக்கூட்டுக்கான பள்ளத்தில் கொட்டைப் பாக்கு. புளியும் பழைய மையும் கலந்த அந்த வாசனைதான் எனக்கு எழுத்தின் முதல் வாசனை. 2006-ல் நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தேன். விடுதி முன்பணத்துக்குப் பணம் போதாமல், டெம்போவில் ஊர் ஊராக வந்த பழைய சாமான் வியாபாரியிடம் அப்பா அதைத் தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தார். எனவே எலியட்டை நான் படித்தது அந்தப் பெட்டியின் விலையில்.

எலியட்டை இங்கு இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. மரபு வாரிசுரிமையாக வருவதல்ல, கடும் உழைப்பால் பெற வேண்டியது என்று 1919-ல் அவர் எழுதியபோது அவரும் ஒரு பாங்க் குமாஸ்தா - லண்டன் லாயிட்ஸ் பாங்கில். இந்தக் கருத்தை நம் விமர்சகர்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவருகிறோம். ஆனால் மரபு என்று நாம் கொண்டாடுவது பல சமயம் கடற்கரைக் கடைச் சரக்காகவே இருக்கிறது. தொன்மம், நாட்டார் வழக்கு, வட்டாரச் சொல் எல்லாம் பாலிஷ் போட்டு, விலைச்சீட்டு கட்டி வரிசையாக நிற்கின்றன. எதன்மேலும் யாரும் உட்கார்ந்த தடயம் இல்லை.

தடயம் என்பது இந்தத் தொழிலில் ஸ்தூலமான விஷயம். பழைய நாற்காலி தேய வேண்டிய இடத்தில்தான் தேய்ந்திருக்கும் - கை வைக்கிற முனையில், கால் தூக்கி வைக்கிற முன் சட்டத்தில், இழுப்பறை ஓடும் தடத்தில். போலி செய்கிறவன் காஸ்டிக் சோடா தடவி, கம்பி பிரஷ் போட்டு, டீத்தண்ணீர் பூசி, எல்லா இடத்தையும் சமமாகத் தேய்த்துவிடுகிறான். உடம்புக்குத்தான் பாரபட்சம் உண்டு, ரசாயனத்துக்கு இல்லை. கைவாளின் அறுப்பு மரத்தின் அடிப்பக்கத்தில் கோணல்மாணலான நேர்கோடுகளாகத் தெரியும். மில் வட்டவாள் வில் வில்லாகக் கீறிவைக்கும். ஒரு மாதத்தில் இவ்வளவும் கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஒரு சிறுகதையில் 'அனுபவம்' எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவில் தடவப்பட்டிருந்தால் சட்டென்று கண்ணில் படுகிறது.

மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடையில் தாத்தாவின் பெட்டியைப் போல ஒன்றைப் பார்த்தேன். அவருடையது அல்ல, இது தேக்கு. 1890 என்று ஆங்கிலத்தில் சீட்டு. விலை இருபத்திரண்டாயிரம். மேலே ஒரு பூச்சாடி. மூடியைத் தூக்கப் போனேன், வரவில்லை. ஜாடி வைக்க வசதியாக மூடியை உள்ளிருந்து திருகி அடைத்துவிட்டதாகக் கடைப் பையன் சொன்னான். குனிந்து பார்த்தேன். நட்சத்திரத் தலைத் திருகாணி. உலகச் சந்தைக்கே 1930-களில் வந்த சாமான். 'உள்ள என்ன சார் வைக்கப் போறீங்க?' என்று கேட்டான், மரியாதையாகத்தான். எனக்குப் பதில் இருந்தது. ஆனால் திறக்காத பெட்டியிடம் அதைச் சொல்லிப் பிரயோசனமில்லை.

சட்டமும் வயதைத்தான் எண்ணுகிறது. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் ஆன பொருள் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தொண்ணூற்றொன்பதாவது வருஷத்தில் அது சரக்கு. நாட்டை விட்டுப் பொருள் போகாமல் தடுக்க இப்படி ஒரு எண் வேண்டும்தான். ஆனால் ஒரு பொருள் செத்துப்போவதற்குத் துறைமுகம் தாண்ட வேண்டியதில்லை. மூடியைத் திருகினால் போதும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. சேகரிப்பவன் பொருள்களை உபயோகம் என்ற அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறான் என்று வால்டர் பெஞ்சமின் சொல்லியிருக்கிறார். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தக்ஷிணசித்ராவில் இந்த வாதத்தின் நியாயம் தெரிகிறது. இடிபட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நிற்கும்போது, இது இங்கு வராவிட்டால் நாலு லாரி விறகு என்பது எனக்குத் தெரிகிறது. காப்பாற்றியது பெரிய காரியம். ஆனாலும் அடுப்பில் சாம்பல் இல்லை. அருங்காட்சியகம் அதை மறைப்பதுமில்லை என்பதுதான் அதற்கும் கடைக்கும் உள்ள நேர்மையின் வித்தியாசம்.

இன்னும் தெற்கே போனால் இதே பிரச்னை 7-ம் நூற்றாண்டில் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது. ஐந்து ரதங்களில் திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை. பீம ரதம் மரச்சட்டங்களில் வளைத்த நீள் கூரை. மரத்தில் தச்சன் செய்ததைக் கல்லில் செய்திருக்கிறான் சிற்பி. மூல மரம் ஒன்றுகூட இன்று இல்லை. இதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அவன் பழைய மரத்தைப் போல நடிக்கவில்லை. மரத்தின் ஞாபகத்தைத் தன் கையிலிருந்த கல்லுக்குக் கொடுத்தான்; கல் தன் சுபாவப்படி அதை ஏற்றுக்கொண்டது. மரபோடு ஒரு எழுத்தாளன் செய்யக்கூடியதும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, கையிலிருக்கும் புதுப் பொருளில் அதை மறுபடி செய்வது. அல்லது பழையதை வாங்கி, திறந்து, உள்ளே புளி வைப்பது. மூடியைத் திருகி ஜாடி வைப்பது மூன்றாவது வழி, அது அலங்காரம்.

போன தை மாதம் செங்கல்பட்டில் ஒரு வக்கீல் வீட்டைக் காலி செய்தார்கள். ஒரு மேஜை மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்தது. வேங்கை மரம். நூறு வருஷம் நிச்சயம் ஆகவில்லை. வலது பக்கம் முழங்கை பட்டுப் பட்டு வழுவழுப்பு. நடுவில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. இழுப்பறையின் அடியில் யாரோ ஒரு பையன் பென்சிலால் எழுதிய கிரிக்கெட் ஸ்கோர். ஆசாரி 'மேல இழைச்சுப் புதுசாக்கிடட்டுமா சார்?' என்றார். ஆடுகிற காலுக்கு மட்டும் கழுந்தைச் சரிசெய்து ஆப்பு வைக்கச் சொன்னேன். அம்மா முதல் நாள் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். இரண்டு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. இப்போது காலை பத்து மணி வரை அதில் முருங்கைக்கீரை ஆய்கிறாள். சாயங்காலம் நான் எழுத உட்காரும்போது காம்புகள் ஒன்றிரண்டு கிடக்கும். கையால் ஒதுக்கிவிட்டுக் காகிதத்தை வைக்கிறேன்.