புள்ளியை உறுதி செய்வது யார்?

பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் நறுவிலிக்குளம் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சேர், இந்தப் புள்ளியப் போட்டது ஆரு?" பிள்ளை கம்பஸில் படித்தாலும் சரி, கல்வியியல் கல்லூரியில் படித்தாலும் சரி, கேள்வி மாறுவதில்லை. பலருக்கும் இதே சந்தேகம் இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பதிவு நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

சுருக்கமான பதில் இது: புள்ளியைப் போடுவது ஒருவர், அதை உறுதி செய்வது ஒரு சபை.

எங்கள் பல்கலைக்கழகங்களில் வினாத்தாளை ஒரு விரிவுரையாளர் தயாரித்தால் இன்னொருவர் அதை மட்டுறுத்துவார். விடைத்தாளில் பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும்தான். முதலாம் பரீட்சகர் திருத்திய பிறகு இரண்டாம் பரீட்சகரும் பார்ப்பார். அதன் பிறகு எல்லாப் பாடப் புள்ளிகளும் பரீட்சகர் சபைக்குப் போகும். எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளை, மருத்துவச் சான்றிதழ் கொடுத்துப் பரீட்சைக்கு வராத பிள்ளை, மீண்டும் எழுத வேண்டிய பிள்ளை என்று எல்லோருடைய விடயமும் அந்த மேசையில்தான் முடிவாகும். கடைசியில் மூதவை அங்கீகரிக்க வேண்டும். அதுவரை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருப்பது தற்காலிகப் பெறுபேறுதான்.

அந்த மேசையில் எழுதப்படும் ஒரு சொல் சின்னச் சொல் அல்ல. பெரும்பாலான பீடங்களில் ஒரு பாடத்தை மீண்டும் எழுதுகிறவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சீ' தரத்துக்கு மேல் கிடைக்காது. ஆனால் தகுந்த மருத்துவக் காரணத்தை ஏற்றுக்கொண்டால் அதே பரீட்சை முதல் தடவையாகவே கணக்கில் வரும். வகுப்புச் சித்தி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் சில வேளை இந்த ஒரு தீர்மானத்தில்தான் தங்கியிருக்கிறது.

நான் படித்த கல்வியியல் கல்லூரிப் பக்கம் ஒழுங்கு சற்று வேறு. இரண்டு வருடம் விடுதியில் இருந்து படிப்பு, மூன்றாம் வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. கற்பித்தல் பயிற்சிப் புள்ளியும் ஒப்படைப் புள்ளியும் உள்ளகக் கணிப்பீடாகச் சேரும். இறுதிப் பரீட்சையைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும். இரண்டும் சேர்ந்தால்தான் டிப்ளோமா, டிப்ளோமா வந்தால்தான் நியமனம்.

சபை எதற்கு, படிப்பித்த ஆசிரியரே சொன்னால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. ஓ.எல். பரீட்சையில் 49 எடுத்தால் 'எஸ்', 50 எடுத்தால் 'சீ'. ஏ.எல். படிக்கத் திறமைச் சித்திகள் வேண்டும் என்பதால் அந்த ஒரு புள்ளி ஒரு பிள்ளையின் வழியையே மாற்றலாம். திருத்துகிறவருக்குக் களைப்பு வரும், கோபம் வரும், பாசமும் வரும். புள்ளி என்பது பிள்ளைக்குச் சேர வேண்டிய அமானிதம். அமானிதத்தை ஒருவர் கையில் மட்டும் விட்டுவைப்பதைவிட இரண்டு மூன்று பேர் எண்ணிப் பார்த்து ஒப்படைப்பதுதான் முறை.

எங்கள் பகுதி விவசாயிகளுக்கு இது புதிதல்ல. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், கட்டுக்கரைக் குளத்து நீர் எப்போது திறப்பது என்பதை யாரும் தனியாக முடிவெடுப்பதில்லை. கூட்டம் போட்டு, பேசி, எழுதி வைத்துத்தான் முடிவு. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் விவசாயியும் இருப்பார். "எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி வராது" என்று எழும்பிச் சொல்வார். பரீட்சகர் சபையில் பிள்ளை இருப்பதில்லை. இருக்கவும் முடியாது. பிள்ளைக்குப் பதிலாக அங்கே இருப்பது எண்கள் மட்டும்தான்.

அந்த எண்கள் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. ஏ.எல். பெறுபேற்றில் 2001 முதல் இசட் புள்ளி பார்க்கிறோம். ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதே அதன் கணக்கு. 2011 ஆகஸ்டில் பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் எழுதியவர்களும் புதிய பாடத்திட்டத்தில் முதல் தடவை எழுதியவர்களும் ஒன்றாகப் பரீட்சைக்கு வந்தார்கள். வினாத்தாள்கள் வேறு, ஆனால் இரு தரப்பையும் ஒரே கூட்டமாக வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். மாவட்ட நிலை, தீவு நிலை எல்லாம் குழம்பின. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012 ஜூனில் அந்த இசட் புள்ளி இரத்தானது. பிறகு இரண்டு தரப்புக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்தார்கள். வழக்குப் போட்டவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். கேட்டதால்தான் திருத்தம் வந்தது.

2020இல் இங்கிலாந்திலும் இதே கதை நடந்தது. கொரோனாவால் பரீட்சை நடக்கவில்லை. ஆசிரியர்கள் கொடுத்த தரங்களை ஒரு கணினிச் சூத்திரத்தில் போட்டுச் சரிபார்த்தார்கள். அந்தச் சூத்திரம் பாடசாலையின் முந்தைய வருடப் பெறுபேறுகளையும் கணக்கில் எடுத்தது. ஏ லெவல் தரங்களில் ஏறத்தாழ 40 சதவீதமானவை ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்தன. பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 13இல் வந்த பெறுபேறு, 17ஆம் திகதி கைவிடப்பட்டது. முன்னால் படித்தவர்கள் எடுத்த புள்ளியை வைத்து இன்றைய பிள்ளையை அளப்பது எவ்வளவு அநியாயம் என்பதை எங்கள் மாதிரிக் கிராமப் பாடசாலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

இவை பத்திரிகையில் வந்தவை. வராத கதைகளும் உண்டு. என்னோடு படித்த ஒரு சகோதரியின் பெறுபேறு மட்டும் வரவில்லை. "புள்ளி கிடைக்கவில்லை" என்று ஒரு வரி. அவர் பெயில் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. உண்மையில் கற்பித்தல் பயிற்சிப் புள்ளித் தாள் ஒரு கோவைக்குள் கிடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சேர்த்தபோது எங்களுக்கெல்லாம் நியமனம் கிடைத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவர் ஒரு பாடத்திலும் தவறவில்லை. ஆனாலும் பதவி உயர்வுக்கு நியமனத் திகதியிலிருந்துதான் கணக்கு என்பதால் இன்றும் எங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார். அந்த மாதங்களில் அவருடைய வாப்பா ஒரு கடிதம்கூட எழுதவில்லை. பெரிய இடத்தில் கேள்வி கேட்டால் பிள்ளைக்குத்தான் பாதகம் என்று பயந்தார்.

இந்தப் பயம்தான் எனக்குக் கவலை. சபை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளை இல்லாத இடத்தில் எடுக்கும் தீர்மானத்துக்குக் காரணம் கேட்கும் உரிமை பிள்ளைக்கு இருக்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளே, சில விடயங்கள்:

சேர்ந்த முதல் வாரமே மாணவர் கைநூலில் பரீட்சை விதிகளை வாசியுங்கள். ஒப்படை கொடுத்தால் பிரதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்த திகதியைக் குறித்து வையுங்கள். சுகமில்லாமல் பரீட்சைக்குப் போக முடியாவிட்டால் மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் கொடுங்கள், பிறகு கொண்டுபோனால் சபை பார்க்காது. ஓ.எல்., ஏ.எல். என்றால் மீள்பரிசீலனைக்கு முடிவுத் திகதி இருக்கிறது, தவறவிடாதீர்கள். "பெறுபேறு இடைநிறுத்தம்" என்று வந்தால் எந்தப் பாடம், எந்தப் புள்ளி, என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டது காற்றோடு போய்விடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் மேசை இலாச்சியில் ஒரு கிழமை தூங்கும் புள்ளித் தாள், ஒரு பிள்ளைக்கு ஒரு வருடமாகலாம்.

கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் பேசாமல் இருந்துவிட வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து எழுதுவோம்.