வேலியோரத்து முருங்கை

கலியாண முருங்கையை யாரும் பேணி வளர்த்த மரமென எண்ணுவதில்லை. போத்து ஒன்றை வெட்டி மண்ணில் ஊன்றினால் தழைத்துவிடும். அவ்வெளிமையே அதன் மதிப்பைக் குறைத்துவிட்டது போலும். (காய்க்காக வளர்க்கும் முருங்கையன்று, முள்ளும் செந்நிறப் பூவும் உடைய முள்முருங்கையையே கூறுகிறோம்.) குழந்தைகளுக்குச் சளி கட்டினால் அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டுவது நம் இல்லத்து வழக்கம். வெற்றிலைக்கும் மிளகுக்கும் அது கொழுகொம்பு. மணப்பந்தலிலும் அதன் கிளைக்கு இடமுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வேலி மரங்களின் இலைகள் சுருண்டு, காம்புகள் வீங்கி, கொப்புளங்கள் திரளக் கண்டோம். “மரத்துக்கும் அம்மை போடுமோ?” என்று கேட்டார் அடுத்த வீட்டுப் பெரியம்மா. அம்மையன்று. ஒன்றரை மில்லிமீட்டர் நீளமேயுள்ள ஒரு குளவியின் வேலை அது. கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அதற்கு அறிவியலார் பெயரிட்டதே 2004-இல்தான். தாய்க்குளவி இளந்தளிருக்குள் முட்டையிடும். புழு வளரும் இடம் கொப்புளமாகும். ஏறத்தாழ 20 நாட்களில் அடுத்த தலைமுறை துளையிட்டு வெளிவரும். தளிர் தோறும் இவ்வாறாயின் மரம் உயிர் வாழ்வது எங்ஙனம்? வயநாட்டில் மிளகுக்கொடியைத் தாங்கிய முருங்கைகள் பெருமளவில் பட்டுப்போயின.

ஹவாய்த் தீவுகளிலும் 2005-இல் இக்குளவி புகுந்து, ‘விலிவிலி’ என்னும் மண்ணின் மரத்தைத் தாக்கிற்று. நம் முருங்கைக்கு அது உறவு; அதன் இலேசான கட்டையில் அத்தீவினர் வலைமிதவை செய்தனர். மரமே அழியுமோ என்றஞ்சி விதைகளைத் திரட்டிச் சேமித்தனர். பின் டான்சானியாவில் இக்குளவியின் புழுக்களைத் தின்னும் வேறொரு குளவியைக் கண்டு, பிற உயிர்களுக்குத் தீங்கிழைக்குமா எனச் சோதித்து, 2008-இல் விடுவித்தனர். இலைகள் மீண்டும் தழைத்தன. பூவிலும் காயிலும் தொல்லை முற்றும் தீரவில்லை.

அது ஆராய்ச்சியாளர் பணி. மரத்துள் மருந்து செலுத்தும் முறையும் உண்டு. ஆயின் அடைக்கும் ஆட்டுக்கும் இலை பறிக்கும் வீட்டில் அதை எவ்வாறு ஒப்புவது? நமக்கு எஞ்சியது அரிவாளே. அதிலும் ஒரு சிக்கல். வெட்டிய மரம் விரைந்து துளிர்க்கும். அத்துளிரே குளவிக்கு விருந்து. ஒரு வீட்டார் மட்டும் வெட்டினால் அண்டை வேலியின் குளவிகள் அங்கே வந்திறங்கும். எனவே தெருவார் அனைவரும் பேசி, ஒரே நாளில் வெட்டினோம். வெட்டியவற்றைக் குவித்து விட்டால் கொப்புளங்களிலிருந்து குளவிகள் பறந்துவிடுமாதலின், அன்றே ஆழக் குழிதோண்டிப் புதைத்தோம். வெளியூர்ச் சுற்றத்தார் போத்துக் கேட்டால் மறுப்பதுதான் கடினமாயிற்று. முருங்கைப் போத்து மறுக்கும் கஞ்சத்தனம் இதுவரை நம் தெரு அறியாதது!

மறு ஆண்டு கொப்புளங்கள் குறைந்தன; நீங்கவில்லை. தாங்கும் ஆற்றல் மரத்துக்கு மரம் வேறுபடுமாதலின், செழித்து நிற்கும் மரத்தைக் கண்டால் விதை கேட்டு வாங்குகிறோம். தோல் கடியது, வெந்நீரில் ஊறவைத்தே விதைத்தோம். புழக்கடையில் இப்பொழுது நான்கு கன்றுகள் நிற்கின்றன.