மதுரையை விடப் பக்கம்

இரண்டு இடங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும், ஹாவர்சைன் சூத்திரம் நடுவிலுள்ள தூரத்தைச் சொல்லிவிடும். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொள்கிற கணக்கு. நிரலில் பத்து வரிதான். அம்மா கேட்டாள் என்று ஒரு ராத்திரி எழுதிப் பார்த்தேன். கடலூர் முதுநகரிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம், நேர்க்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர். சும்மா மதுரையையும் போட்டேன். 270.

"மதுரைய விடக் கிட்டயாடா? அப்புறம் ஏன் இத்தன வருஷமா போவல?"

கேட்டது பெரியம்மாவுக்காக. ரத்த உறவில்லை. 1990-ல் படகேறி வந்து, எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவர். நான் பாதி நாள் அவர் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். போர் முடிந்து தெல்லிப்பழைக்குத் திரும்பிவிட்டார். இப்போது படுக்கையில் இருக்கிறார். வீடியோ அழைப்பில் அம்மாவிடம், "ஒருக்கா வந்திட்டுப் போவன், பிள்ளை" என்கிறார்.

இந்த வழி புதிதல்ல. ஏர் சிலோனின் முதல் பயணமே 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான். பிறகு போர் வந்தது. 2019 நவம்பரில் சென்னை–பலாலி சேவை திரும்பியது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது.

மீனம்பாக்கத்திலிருந்து பலாலி சுமார் 356 கிலோமீட்டர். பறப்பது ஏடிஆர் 72, விசிறி வைத்த சின்ன விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். வகுத்தால் 43 நிமிஷம். டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி. ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது, நிறுத்துவது எல்லாம் அதில் சேர்த்தி.

எங்களுக்கு அதுவும் கணக்கில்லை. முதுநகரிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வடக்கே போகவேண்டும். பஸ்ஸில் நான்கு மணி நேரம். சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்கவேண்டும். இறங்கிக் குடிவரவு முடித்து, தெல்லிப்பழைக்கு ஒரு ஆட்டோ. வாசலிலிருந்து வாசலுக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாது.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. இணைத்துக் கோடு போட்டால் நேர் தெற்கே இறங்கி, எங்கள் ஊருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் கடலைத் தாண்டுகிறது. விமானி அன்று எந்தத் தடத்தில் போவாரோ, நான் கோட்டைச் சொல்கிறேன். நான்கு மணி நேரம் வடக்கே போய், அம்மா தன் வீட்டையே கடந்து தெற்கே போகப்போகிறாள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 முதல் கப்பலும் இருக்கிறது. நேர்க்கோட்டில் 110 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் துறைமுகத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டும் அம்மாவுக்கு அலை ஆடினால் குமட்டும்.

அறுபத்தி நாலு வயசில் முதல் பாஸ்போர்ட். போலீஸ் விசாரணை முடிந்து தபாலில் வர மூன்று வாரம். எந்தச் சூத்திரத்திலும் இல்லாத அந்த மூன்று வாரத்தில், தினமும் போனில் பெரியம்மாவின் குரல் தேய்ந்துகொண்டு வந்தது. போன வியாழக்கிழமை வந்துவிட்டது. அன்றே டிக்கெட் போட்டேன்.

"மேலேர்ந்து நம்ம ஊர் தெரியுமாடா?"

வானம் தெளிவாக இருந்தால் கரை தெரியலாம். வலப்பக்க ஜன்னலாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்.