அடைத்த கதவும் எருக்கிலைக் கூடும்

திண்டுக்கல்லிலிருந்து தேனிக்குச் செல்லும் சாலையில், பெரியகுளத்துக்கு முன்பாக வரும் ஊர் தேவதானப்பட்டி. அதன் அருகே, கொடைக்கானல் மலையடிவாரத்தில், மஞ்சளாற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கிறாள் அன்னை மூங்கிலணைக் காமாட்சி.

இத்தலத்தில் அன்னையின் திருவுருவைக் காண இயலாது. அடைத்த கதவுக்கே பூஜையும் தீபாராதனையும் நடைபெறுகின்றன. படைக்கும் தேங்காயை உடைப்பதில்லை, வாழைப்பழத்தை உரிப்பதில்லை. கதவுக்கு அப்பால் அன்னை இருக்கிறாள் என்ற நம்பிக்கையே இங்கு தரிசனம்.

வழிபாடு முடித்து வருவோர் அடிவாரத்தையும் சற்று நோக்கலாம். காய்ந்த புல்லும் இடையிடையே எருக்கும் நிற்கும் வறண்ட நிலம் வெறும் தரிசாகவே தோன்றும். ஆனால், இத்தகைய வறண்ட வெளிகளே 'வெந்தய வரியன்' என்னும் பட்டாம்பூச்சிக்கு உகந்த இருப்பிடம். காவி நிறச் சிறகு, கருநிற ஓரம், சிறகு நுனியில் வெண்புள்ளிகள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியுள்ள இப்பூச்சியை, ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர் தம் கல்லறை ஓவியத்தில் தீட்டியுள்ளனர்.

விநாயகருக்கும் சிவபெருமானுக்கும் உகந்தது எருக்கம்பூ. அச்செடியின் பாலோ நஞ்சு. ஆடுமாடுகளும் பெரும்பாலும் அதை விலக்கும். தாய்ப் பட்டாம்பூச்சி அதன் இலையடியில் ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. புழு அந்த இலையையே உண்டு, நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. சிறகு முளைத்த பின்னும் அந்நஞ்சே காவல். ஒருமுறை கொத்திக் கசப்பறிந்த பறவை மறுமுறை நெருங்குவதில்லை. ஆகவேதான் இது அச்சமின்றி மெல்லப் பறக்கிறது. இதன் நிறத்தைப் போலவே தோற்றங்கொண்டு, நஞ்சில்லாத வேறோர் இனத்துப் பெண் பட்டாம்பூச்சியும் பிழைத்துக்கொள்கிறது.

மாசி மகா சிவராத்திரி இத்தலத்தின் பெருவிழா. ஆலகாலத்தைக் கண்டத்தில் அடக்கிய நீலகண்டரை நினைக்கும் அந்நாளில், நஞ்சையே அரணாக்கிய இச்சிற்றுயிரும் நினைவுக்கு வருவது இயல்பே.

வளர்ந்த புழு கூடாகித் தொங்கும் நாட்களில் வெளியே எந்த அசைவும் தெரியாது. அதுவும் ஓர் அடைத்த கதவே. களையென்று எருக்கை வெட்டினாலும், காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தாலும் அக்கதவு திறவாமலே போய்விடும்.

விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கச் செல்வோர் பூவை மட்டும் கொய்து, செடியை விட்டுவைக்கலாம். இலையைத் தொடுமுன் அதன் அடிப்புறத்தையும் ஒருமுறை பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத அன்னையை வணங்கி வந்தவர்களுக்கு, இலைக்கடியில் மறைந்திருக்கும் உயிரை மதிப்பது அரிதன்று.