வலது போக இடது திரும்பு!

வாசல் தெளித்துச் சிக்குக் கோலம் போடுகிற உங்களுக்கு, நெடுஞ்சாலை இஞ்சினீயரின் கவலையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இழை எங்கேயும் நின்றுவிடக் கூடாது. வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். உங்கள் கோலத்தில் இழை இழையை வெட்டினால் அழகு. அவர் கோலத்தில் வெட்டினால் ஆஸ்பத்திரி!

2008-ல் திறக்கப்பட்ட கத்திப்பாரா மேம்பாலத்தை ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்திருப்பீர்கள். நாலு இலை விரித்த ஆரைக்கீரையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரியான அமைப்பு அது. இதில் உள்ள யுக்தி என்ன தெரியுமா? வலது பக்கம் திரும்புவதுதான்.

நம் நாட்டில் வண்டிகள் இடது ஓரமாகப் போகின்றன. ஆகவே இடது பக்கம் திரும்புவதற்கு யாருடைய தயவும் வேண்டாம். வலது பக்கம் திரும்புகிறவரோ எதிரே வருகிற அத்தனை பேரையும் குறுக்கே வெட்டியாக வேண்டும். சாதாரண நாற்சந்தியில் வண்டியும் வண்டியும் சந்திக்கக்கூடிய இடங்கள் 32 என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றில் 16 நேரடியாகக் குறுக்கே வெட்டுகிற இடங்கள். சிவப்பு விளக்கு இல்லாமல் இதைச் சமாளிக்க, மேரிலாந்தைச் சேர்ந்த ஆர்தர் ஹேல் என்ற இஞ்சினீயர் 1916-ல் அமெரிக்காவில் ஒரு யோசனைக்குப் பேடண்ட் வாங்கினார். அவர்கள் ஊரில் வலமும் இடமும் தலைகீழ். நம் ஊர் பாஷையில் சொன்னால் அது இப்படி: வலது போக வேண்டுமா? வலது திரும்பாதே. பாலத்தைத் தாண்டிப் போய், இடது பக்கமாக முக்கால் வட்டம் அடி. வட்டம் முடிகிற இடத்தில் நீ போக வேண்டிய சாலை உனக்காகக் காத்திருக்கும்.

நேரே கேட்டால் கிடைக்காததைச் சுற்றி வளைத்துக் கேட்டு வாங்குவது நம் வீடுகளில் புதிதா என்ன!

ஆனாலும் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஓர் இலையிலிருந்து வெளியே வருகிறவரும், அடுத்த இலைக்குள் நுழைகிறவரும் ஒரே துண்டுப் பாதையில் இடம் மாறிக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் முதல் பந்தி எழுந்து வருகிற வாசலிலேயே இரண்டாம் பந்தி உள்ளே முண்டினால் எப்படி இருக்கும்? அதுதான். கூட்டம் குறைவாக இருந்தால் தெரியாது. பண்டிகை நாளில் தெரிந்துவிடும். ஆகவே பல ஊர்களில் இப்போது இலைகளை விட்டுவிட்டு, பாலத்தின் மேல் பாலம் அடுக்குகிறார்கள். மூன்று சாலை மட்டும் கூடுகிற இடத்தில் எக்காளம் போன்ற ஒற்றை வளையமே போதும்.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், செங்கல்பட்டுச் சீமையில் ஒரு பெரிய கோலத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறார்கள். எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கி, திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர், சிங்கப்பெருமாள் கோவில் வழியாக மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் முடிகிற சென்னை எல்லைச் சாலை அது. நீளம் 130 கிலோமீட்டருக்கு மேல். துறைமுகத்து லாரிகள் பட்டணத்துக்குள் நுழையாமலே தெற்கே போய்விடலாம். நல்ல காரியம், சந்தேகமில்லை.

சில நாளைக்கு முன் சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு பாட்டி.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க பாட்டி?" என்றேன்.

"வண்டிங்கதான் நிக்காம போவுதே கண்ணு! அதான் நான் நின்னுக்கினே இருக்கேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. 32 இடங்களை எண்ணிய கணக்கில் இந்தப் பாட்டி எங்கே இருக்கிறாள்? அது வண்டிக்கும் வண்டிக்கும் மட்டும் போட்ட கணக்கு. சிவப்பு விளக்கு இருந்தால் அவளுக்கு அரை நிமிஷமாவது கிடைக்கும். விளக்கே வேண்டாம் என்று கட்டுகிற சந்திப்பில் அந்த அரை நிமிஷமும் போய்விடுகிறது. வளைவிலிருந்து வேகம் பிடித்து வருகிற டிரைவரின் கண் பின்னால் வரும் வண்டிகளின் மேல் இருக்கும்; முன்னால் கூடையோடு நிற்கிறவள் மேல் இராது. அவளுக்கு மாடிப்படி ஏறி இறங்குகிற பாலம் உதவாது. முழங்கால் இடம் கொடுக்காது. சாலைக்கு அடியில் சமதளமாக, இரவில் வெளிச்சமாக, மழையில் தண்ணீர் தேங்காமல் ஒரு வழி வேண்டும். அதைப் பாலம் கட்டும்போதே கட்டினால்தான் உண்டு. கத்திப்பாராவின் அடியில் பஸ் நிற்கவும் ஜனங்கள் நடக்கவும் உட்காரவும் ஒழுங்கான இடம் வந்தது, பாலம் திறந்து பல வருஷங்களுக்குப் பிறகு.

அன்று ஒரு லாரி டிரைவர்தான் வண்டியை நிறுத்தி, "போ ஆயா" என்று கையைக் காட்டினார். பின்னால் வந்த கார்களெல்லாம் ஒரே கூச்சல். பாட்டி அவசரப்படவில்லை.

மாமல்லபுரம் போகிறவர்களில் பஸ்ஸில் வந்து இறங்கி நடக்கிறவர்களும் உண்டு. ஆகவே பூஞ்சேரியில் சாலை வந்து முடியும்போது நான் முதலில் பார்க்கப்போவது மேலே போகிற வளையங்களை அல்ல, கீழே நடக்க வழி விட்டிருக்கிறார்களா என்பதைத்தான். அந்தப் பக்கம் போனால் நீங்களும் பார்த்து எழுதுங்களேன்.